தாருக்கு முன்னால் தண்ணீருக்கு வழி விடுங்கள்

செட்டிநாட்டுச் சிற்றூர்களை இணைக்கும் மாநில நெடுஞ்சாலைகளைத் திட்டமிடும் பொறியாளர்களுக்கும், அவற்றைக் கண்காணிக்கும் சாலை ஆய்வாளர்களுக்கும், போட்டுத் தரும் ஒப்பந்தக்காரர்களுக்கும்:

வணக்கம்.

தேசிய நெடுஞ்சாலையில் ஒரு பள்ளம் விழுந்தால் மறுநாளே செய்தியாகிவிடுகிறது. கல்லல், கண்டனூர், புதுவயல், பள்ளத்தூர், கீழச்சிவல்பட்டி, நெற்குப்பை, பொன்னமராவதி போன்ற ஊர்களை இணைக்கும் ஏழு மீட்டர் அகலச் சாலையில் விழுந்தால், அந்த வழியாகப் போய்வருகிறவர்களுக்கு மட்டுமே தெரியும். புதுவயல் ஆலைகளுக்கு நெல் ஏற்றி வரும் லாரியும், ஆத்தங்குடித் தரைக்கல் ஏற்றிய மினி லாரியும், தைலமரக் கட்டை அடுக்கிய டிராக்டரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு போகும் டவுன் பஸ்ஸும் ஒரே தாரின் மீதுதான் ஓடுகின்றன. சாலை கெட்டுவிட்டால் மாற்று வழி என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை.

இந்தச் சாலையோர ஊர்களில் வாழும் நாங்கள் முதன்மையாகக் கேட்பது ஒன்று. மேல்தார் போடுவதற்கு மதிப்பீடு எழுதும் முன், ஐப்பசியிலோ கார்த்திகையிலோ நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போது, அந்தச் சாலையை முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை நடந்து பாருங்கள். பங்குனி வெயிலில் ஜீப்பில் போய்ப் பார்த்தால் விரிசலும் பள்ளமும்தான் கண்ணில் படும். அவற்றை உண்டாக்கிய தண்ணீர் அப்போது அங்கே இருக்காது. அதனால்தான் மதிப்பீட்டில் தாருக்கு இத்தனை டன் என்று வருகிறது, தண்ணீருக்கு ஒரு வரி கூட வருவதில்லை. மூன்றாம் மழையில் அதே இடத்தில் அதே பள்ளம் திரும்பி வருகிறது.

இந்த மண்ணின் வாகு அப்படி. நிலம் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. மணிமுத்தாறு, தேனாறு, பாம்பாறு, விருசுழியாறு எல்லாம் அந்தச் சரிவில்தான் ஓடுகின்றன. ஆறுகளுக்கு இடைப்பட்ட மேட்டில் பெய்யும் மழையைப் பிடித்து நிறுத்தத்தான் கண்மாய்கள். ஒரு கண்மாய் நிறைந்தால், மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழியாக மறுகால் போய் அடுத்த கண்மாய்க்கு வரத்தாகிறது. அது நிறைந்தால் அதற்கடுத்தது. வடக்குத் தெற்காகப் போகும் சாலை எதுவானாலும் இந்தச் சங்கிலியைப் பல இடங்களில் குறுக்கே வெட்டாமல் போக முடியாது. பத்திருபது கிலோமீட்டர் சாலையில் சிறுபாலங்கள் இவ்வளவு நெருக்கமாக இருப்பது அதனால்தான். பழைய கட்டுமானக்காரர்கள் ஆசைக்கு அவற்றைக் கட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கண்மாயோ ஊருணியோ காத்திருக்கிறது.

மண்ணும் ஒரே மாதிரி இல்லை. மேட்டில் செம்மண், அதன் அடியில் செம்புராங்கல். கல் மேலாகக் கிடக்கும் இடத்தில் மழைநீர் ஆழமாக இறங்காது. கல்லின் தலையில் மோதிப் பக்கவாட்டில் நகர்ந்து சாலையின் அடிவயிற்றுக்கு வரும். கண்மாயை ஒட்டிய பள்ளத்தில் களி. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஒரே கிலோமீட்டருக்குள் இரண்டும் மாறி மாறி வரும்போது, மொத்தச் சாலைக்கும் ஒரே குறுக்கு வெட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது பொருந்தாது.

தண்ணீர் சாலையை எப்படிக் கெடுக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் களத்தில் அடிக்கடி விட்டுப்போகும் ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். தாருக்கு அடியில் வரும் வெட்மிக்ஸ் என்ற ஈரக் கலவை ஜல்லி அடுக்குக்குக் கீழே போடும் ஜி.எஸ்.பி. என்ற சரளை ஜல்லி அடுக்குக்கு இரண்டு வேலை: பாரத்தைத் தாங்குவது ஒன்று, உள்ளே இறங்கிய தண்ணீரை வெளியேற்றுவது இன்னொன்று. இரண்டாவது வேலையைச் செய்ய வேண்டுமானால் அந்த அடுக்கு தார் முடியும் இடத்தோடு நின்றுவிடக் கூடாது. ஓர மண்ணுக்கு அடியில் நீண்டு, சரிவின் முகத்தில் வெளியே தெரிய வேண்டும். ஐந்தரை மீட்டர் சாலையை ஏழு மீட்டராக அகலப்படுத்தும்போது, ஓரத்தில் முக்கால் மீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பறித்து, அதற்குள் ஜல்லியைக் கொட்டி, வெளிப்புறத்தைச் செம்மண்ணால் மூடிவிட்டால் அது சாலை அல்ல, தொட்டி. மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி வெளியே வர வழியில்லாமல் நிற்கும். மேலே லாரிச் சக்கரம் அழுத்த அழுத்த, ஜல்லியின் நுண்தூள் தண்ணீரோடு கலந்து விரிசல் வழியாகப் பால் போல வெளியே வரும். மழை விட்ட மறுநாள் விரிசலின் ஓரத்தில் வெளுத்த மாவு படிந்திருந்தால், உள்ளே அடித்தளம் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதன் மேல் எத்தனை அங்குலம் தார் போட்டாலும் நிற்காது.

அகலப்படுத்திய சாலைகளில் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் கோடு போட்டது போல நீளவாக்கில் விரிசல் ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பழைய சாலையும் புதிய பட்டையும் சேரும் இடம் அது. பழைய விளிம்பைச் செங்குத்தாக விட்டுவிட்டு, புதிய பட்டையைக் குறுகலான பள்ளத்தில் ரோலர் இறங்காமல் போடுவதே காரணம். படி படியாக வெட்டி, ரோலர் முழுமையாக இறங்கும் அகலத்துக்குத் தோண்டி, அடிமண்ணின் மேல் 500 மில்லிமீட்டரை 97 விழுக்காடு இறுக்கம் வரும்வரை உருட்டிய பிறகே ஜல்லி வர வேண்டும். ஆய்வகச் சோதனையும் காய்ந்த மண்ணில் வேண்டாம். நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்த மாதிரியில் வரும் சி.பி.ஆர். மதிப்புதான் (மண்ணின் தாங்குதிறனைக் காட்டும் எண்) கார்த்திகை மாதத்துச் சாலையின் உண்மையான பலம்.

மேற்பரப்புக்கு வருவோம். ஏழு மீட்டர் சாலைக்கு இரண்டரை விழுக்காடு வாட்டம், அதாவது நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிவு, கொடுத்தால், நடுமுதுகு ஓரத்தைவிட எட்டேமுக்கால் சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு ஓரத்திலும் ஒரே உயரக் குச்சி நட்டு, கொத்தனார் நூலை இழுத்துக் கட்டி, நடுவில் அளவு நாடாவால் அளந்தால் போதும். நூலுக்கும் தாருக்கும் இடைவெளி ஓரத்தில் 30 சென்டிமீட்டர் என்றால் நடுவில் 21 சென்டிமீட்டருக்கு அருகில் இருக்க வேண்டும். 27, 28 என்று வந்தால் அந்தச் சாலையில் வாட்டமே இல்லை, தண்ணீர் வண்டித் தடத்தில்தான் தேங்கும். வளைவுகளில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அங்கே வெளிப்புறம் தூக்கி, தண்ணீர் முழுவதும் உள்வளைவுக்கே இறங்கும் என்பதால் உள்வளைவு ஓரத்தில் வாய்க்கால் இல்லாமல் விடவே கூடாது.

ஓர மண்ணை, பெர்ம் என்று நாம் எல்லோரும் சொல்லும் பகுதியை, மதிப்பீட்டின் கடைசி வரியாகவும் செலவு மிஞ்சினால் வெட்டப்படும் முதல் வரியாகவும் வைத்திருக்கிறீர்கள். இதைத் தயவுசெய்து மாற்றுங்கள். பெர்மில் இரண்டு விதக் கோளாறு உண்டு. ஒன்று, தார் ஏற ஏறப் பெர்ம் பள்ளமாவது. ஐந்து சென்டிமீட்டர் புதுத் தார் ஏறிய அன்றே ஓரத்தில் ஐந்து சென்டிமீட்டர் படி விழுந்துவிடும். எதிரே பஸ் வரும்போது ஒதுங்கும் மோட்டார் சைக்கிளின் சக்கரம் அந்தப் படியில் இறங்கி, மீண்டும் ஏறப் பார்க்கும்போதுதான் சாய்கிறது. மற்றது இதற்கு நேர்மாறானது. புல்லும் தூசியும் பல ஆண்டு சேர்ந்து பெர்ம் தாரைவிட உயர்ந்துவிடும். அப்போது மழைநீர் சாலையை விட்டு இறங்க முடியாமல் ஓரத்திலேயே ஓடி, தாரின் விளிம்பைக் கடித்துக்கொண்டே போகும். முதலாவதற்குக் கிராவல் கொட்டி உருட்ட வேண்டும். இரண்டாவதற்குச் சுரண்டி எடுக்க வேண்டும். உயர்ந்திருக்கும் பெர்மின் மேலேயே இன்னும் கிராவல் கொட்டுவது நடக்கிறது, அது நோயை வளர்ப்பதாகும்.

அளவும் சொல்கிறோம். இருபுறமும் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் உயர்த்த, ஒரு கிலோமீட்டருக்கு இறுகிய அளவில் 150 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 53 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) கிராவல் வேண்டும். தளர்வாகக் கொட்டும்போது இன்னும் கால் பங்கு கூடும். தண்ணீர் தெளித்து, நான்கு விழுக்காடு வெளிச்சரிவு கொடுத்து, ரோலர் ஓட்டினால்தான் அது பெர்ம். டிப்பரிலிருந்து கொட்டி மண்வெட்டியால் பரப்பிவிட்டுப் போனால் முதல் மழையிலேயே வாய்க்காலுக்குள் போய்ப் படிந்து, அங்கிருக்கும் குழாயையும் அடைத்துவிடும்.

பெர்ம் எங்களுக்கு வெறும் மண் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியும் அதன் பின்னே பல்லாயிரம் பேரும் குன்றக்குடியைத் தொட்டுப் பழனிக்கு நடந்து போகிற நாடு இது. வெறுங்காலோடு, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் இரவிலும் நடக்கிறார்கள். சீமைக்கருவேல முள் மண்டிய பெர்மில் கால் வைக்க முடியாமல் அவர்கள் தாருக்கு ஏறுகிறார்கள், அங்கே லாரி வருகிறது. மார்கழி முடிவதற்குள் முள்ளை வேரோடு பறித்து அப்புறப்படுத்துங்கள். அரிவாளால் வெட்டிவிட்டால் நாற்பது நாளில் கொத்துக் கொத்தாகத் துளிர்த்துவிடும். வெட்டிய கிளையைப் பெர்மிலேயே போட்டுவிட்டுப் போவது வெட்டாததைவிட மோசம்.

இனி சிறுபாலங்கள். எங்கள் மடலின் பாதிக் கனம் இங்கேதான் இருக்கிறது.

பல சாலைகளில் பழைய குழாய்ப் பாலங்கள் 600 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. ஆள் உள்ளே போய் மண் அள்ள முடியாது. மூங்கில் கழியால் குத்திப் பார்க்கலாம், அவ்வளவுதான். பாதி மண் அடைந்த பிறகு அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. அவற்றை மாற்றும்போது 1200 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடுங்கள். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. அதே வாட்டத்தில் ஓடும் தண்ணீரோ ஆறு மடங்குக்கும் மேல். குனிந்து போய் ஓர் ஆள் மண்வெட்டியால் அள்ளிவிட முடியும் என்பது அதைவிடப் பெரிய லாபம். குழாயின் தலைக்கு மேல் 600 மில்லிமீட்டராவது மண் மெத்தை வேண்டும். அதற்கு உயரம் இல்லாத தாழ்வான இடத்தில் குழாயை மேலாக வைத்து மூடுவதை விட்டுவிட்டு, சதுரப் பெட்டிப் பாலம் கட்டுங்கள்.

அகலத்தைவிட முக்கியமானது தரைமட்டம். கண்மாய்க்கோ ஊருணிக்கோ தண்ணீர் கொண்டு வரும் வரத்துக்காலின் அடிமட்டம் எதுவோ அதுவே பாலத்தின் அடிமட்டமாக இருக்க வேண்டும். சாலை மட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளந்து பாலத்தை வைக்கும்போதுதான் தவறு நேர்கிறது. புதிய பாலத்தின் தரை ஒரு சாண் உயர்ந்துவிட்டால், அந்த ஒரு சாண் தண்ணீர் மேற்புறத்தில் வயலிலேயே நின்றுவிடும். சிறு மழைத் தண்ணீர் அடுத்த பக்கம் போகவே போகாது. பெருமழை வந்தால்தான் ஊருணிக்கு வரத்து. சிறு மழைகளில் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்துகொண்டிருந்த ஊருணி அதற்குப் பிறகு நிறைவதில்லை. பாலம் புதிது, தார் புதிது, ஊருணி மட்டும் வற்றிக் கிடக்கும். காரணம் அந்த ஒரு சாண் கான்கிரீட் என்பது யாருக்கும் தோன்றாது. மாறாகத் தரையைத் தாழ்த்திவிட்டால் மேற்புறக் கண்மாயின் வரத்துக்கால் அரித்துக்கொண்டே பின்னோக்கிப் போகும்.

ஆகவே, பாலம் கட்டும் முன் இரு பக்கமும் ஐம்பது மீட்டர் தூரத்துக்கு வாய்க்காலின் அடிமட்டத்தை எடுங்கள். பாலத்தின் வாயில் மட்டும் எடுத்தால் போதாது, அங்கே எப்போதும் மண் மேடிட்டிருக்கும். அந்த மேட்டை இயற்கைத் தரை என்று எடுத்துக்கொண்டதால் உயர்ந்துபோன பாலங்கள் உண்டு. பிறகு, கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் அந்த ஊர் நீர்பாய்ச்சியைக் கேளுங்கள். எந்த மழைக்கு எவ்வளவு தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதை அவரைப் போலச் சொல்ல ஆளில்லை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கிறது. ஊருணி ஊராட்சியிடமோ கோயிலிடமோ ஊர்ப் பொதுவிலோ இருக்கலாம். நீர்பாய்ச்சி, கண்மாய்க்குப் பொறுப்பானவர், ஊருணிக்குப் பொறுப்பானவர் மூவரையும் ஒரு நாள் காலையில் பாலத்தடியில் நிற்க வைத்து மட்டத்தைச் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டால், பின்னால் பத்து வருடச் சண்டை மிச்சம்.

பாலத்தின் கீழ்ப்புறம் தண்ணீர் வேகமாக வெளியே பாயும் இடத்தில் கல் பாவிய தரைத்தளமும், அதன் முடிவில் ஆழமாக இறங்கிய தடுப்புச் சுவரும் இல்லாவிட்டால் நாலைந்து மழையில் குழி விழுந்து, சிறகுச் சுவர் தொங்கும், பிறகு சாயும். இதைக் கட்டச் செங்கல் வேண்டாம். இங்கே கிடைக்கும் கருங்கல்லே போதும், சாந்தை மட்டும் ஒழுங்காகக் கொடுத்து இடுக்குகளை அடைக்கச் சொல்லுங்கள். குழாய்க்கு இருபுறமும் மண் நிரப்பும்போது 15 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு இடிக்க வேண்டும். ஒரே மூச்சில் கொட்டி மூடியதன் அடையாளம்தான், ஒவ்வொரு புதுப் பாலத்தின் இரு ஓரத்திலும் பஸ் தூக்கிப் போடும் அந்தச் சிறு பள்ளம்.

கலுங்குத் தண்ணீர் சாலையின் மேலேயே ஓடும் தரைப்பாலங்களில் தார் போடாதீர்கள். தண்ணீர் மேலே ஓடும் இடத்தில் தார் ஒரு மழைக்காலம் கூட நிற்பதில்லை. எம்-40 என்ற வலுவான வகைக் கான்கிரீட் தளமும், மேற்புறமும் கீழ்ப்புறமும் இறங்கிய தடுப்புச் சுவரும் வேண்டும். பாதி அகலம் போட்டு, குறைந்தது பதினான்கு நாள் ஈரச் சாக்கு மூடித் தண்ணீர் காட்டி, பலம் வந்த பிறகு மறுபாதிக்குப் போங்கள். ஓரத்தில் தொடர்ச்சியான சுவருக்குப் பதில் இடைவெளி விட்டுக் காப்புக்கற்கள் நடுங்கள். சுவராக இருந்தால் அடித்து வரும் முள்ளும் வைக்கோலும் அதில் மாட்டி அணையாகிவிடும். இரு முனையிலும் தண்ணீரின் ஆழம் காட்டும் கம்பம் நட்டு, ஒரு அடிக்கு மேலே சிவப்பு வண்ணம் பூசுங்கள். ஓடும் தண்ணீர் ஒரு அடியைத் தாண்டினால் சிறு கார் மிதக்கத் தொடங்கிவிடும். ஓட்டுநருக்கு அது தெரிய அந்தக் கம்பத்தை விட்டால் வேறு வழி இல்லை.

ஊருக்குள் நுழையும் பகுதிக்குத் தனி வார்த்தை. செட்டிநாட்டு வீடுகள் உயர்ந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை. முற்றத்தில் விழும் மழையும் தெருவில் விழும் மழையும் வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போகும்படி தெருவின் சரிவு முதலிலேயே வகுக்கப்பட்டது. 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்க் கூட்டங்கள் இடம்பெற்றன. அந்தப் பெருமையில் மாளிகைகளோடு இந்தத் தெருச் சரிவுக்கும் வாய்க்காலுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு முறை மேலே மேலே தார் போடும்போதும் நான்கைந்து சென்டிமீட்டர் ஏறுகிறது. நான்கு முறையில் ஏறத்தாழ அரை முழம். தெரு வாய்க்கால் சாலைக்குக் கீழே புதைகிறது, தண்ணீர் திண்ணைப் பக்கம் திரும்புகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிது போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அது சென்னைக்கு மட்டும் சொன்னதல்ல. பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் எந்திரத்தை ஊர் எல்லைக்குள் இருக்கும் அந்த ஒன்று ஒன்றரைக் கிலோமீட்டருக்காவது கொண்டு வாருங்கள். சுரண்டிய பொருளை வீணாக்க வேண்டாம். ஊருக்கு வெளியே பெர்மில் பரப்பி உருட்டினால் கிராவலைவிட நன்றாக நிற்கும், முள்ளும் எளிதில் முளைக்காது.

தார் போடும் நாளுக்கான கணக்குகள் உங்கள் கையேட்டில் இருக்கின்றன. ஊர்க்காரர்களும் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று சிலவற்றை இங்கே எழுதுகிறோம். 40 மில்லிமீட்டர் மேல்தார், ஏழு மீட்டர் அகலம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 280 கன மீட்டர், ஏறத்தாழ 670 டன் கலவை. அதில் தார் மட்டும் 35 டன்னைத் தாண்டும். அதற்கு முன் பழைய பரப்பைக் காற்றடித்துத் துடைத்து, சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் எமல்ஷன், அதாவது தண்ணீரில் கலந்த தார், தெளிக்க வேண்டும். கிலோமீட்டருக்கு 1,400 முதல் 2,100 கிலோ. தெளித்தவுடன் அது பழுப்பாக இருக்கும். கறுத்த பிறகுதான் கலவை இறங்க வேண்டும். பழுப்பாக இருக்கும்போதே கொட்டினால் நடுவில் தண்ணீர் மாட்டிக்கொண்டு, புதுத்தார் அப்பளம் போலத் தனியே பெயரும்.

வி.ஜி-30 என்ற தார் வகை என்றால், கலவையைப் பரப்பும் பேவரில் இறங்கும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, 90 டிகிரிக்குக் கீழே போவதற்குள் உருட்டி முடித்துவிட வேண்டும். கலவை தயாரிக்கும் பிளான்ட் தூரமாக இருந்து, டிப்பர் தார்ப்பாய் மூடாமல் வந்து, வழியில் ரயில்வே கேட்டிலும் நின்றால் மேல்பகுதி ஆறிக் கட்டியாகிவிடும். அந்தக் கட்டி விழுந்த இடம் சொரசொரப்பாகத் தெரியும், முதல் மழையில் அங்கேதான் கல் உதிரும். ரோலர் ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும், மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மழை தூறும்போது, ஈரம் காயாதபோது, டிப்பர் வந்துவிட்டதே என்பதற்காகப் போடாதீர்கள். அந்த ஒரு லோடைத் திருப்பி அனுப்புவது பின்னால் வரும் பழுதைவிட மலிவு.

இன்னொன்று. கருங்கல் ஜல்லியில் சில வகை தாரைவிடத் தண்ணீரோடு அதிக நட்பு கொண்டது. ஈரம் பட்டால் தார் உரிந்து கல் வெளுக்கும். சோதனையில் அப்படித் தெரிந்தால் கலவையில் இரண்டு விழுக்காடு நீற்றிய சுண்ணாம்பைச் சேர்ப்பது தீர்வு. சுண்ணாம்பின் அருமையைச் செட்டிநாட்டுக் கொத்தனாருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நூறு வருடச் சுவர் இன்றும் கண்ணாடியாக மின்னுகிறது. சாலைக்கும் அது உதவும்.

பள்ளம் ஒட்டும் வேலையில் அவசரம் வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஆனால் முறை வேண்டும். 2023இல் வந்த ‘நம்ம சாலை’ செயலியில் படம் அனுப்பினால் ஆள் வருகிறார்கள், அது நல்லது. வந்தவர்கள் பள்ளத்தின் வட்ட விளிம்பை நல்ல தார் தெரியும்வரை செங்குத்தாகச் சதுரமாக வெட்ட வேண்டும். சேறும் தூளும் போகக் கூட்டி, பக்கச் சுவர்களிலும் அடியிலும் எமல்ஷன் பூச வேண்டும். ஏழரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் என்றால் இரண்டு அடுக்காக நிரப்பி, ஒவ்வொன்றையும் சிறு அதிர்வு எந்திரத்தால் இடித்து, கடைசியில் அரைச் சென்டிமீட்டர் தலை தூக்கி விட வேண்டும், வண்டி ஓடிச் சமமாகிவிடும். மழை நாளில் பையில் வரும் குளிர்கலவையைப் பயன்படுத்தலாம், அதற்கும் வெட்டுவதும் துடைப்பதும் உண்டு. கட்டட இடிபாட்டையும் செங்கல் துண்டையும் பள்ளத்தில் கொட்டாதீர்கள். செங்கல் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு சுற்றியுள்ள நல்ல தாரையும் இளக்கிவிடும்.

ஒரே இடத்தில் மூன்றாம் முறை பள்ளம் விழுந்தால் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, சுற்றிலும் இருபது அடிக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். உடைந்த குடிநீர்க் குழாயாக இருக்கலாம். மேடிட்ட பெர்மாகவும் இருக்கலாம். மரநிழலாகக் கூட இருக்கலாம். புளிய மரத்தடியில் இலை நீர் சொட்டிச் சொட்டித் தார் காய்வதில்லை. அதற்காக மரத்தை வெட்ட வேண்டாம், அந்த முப்பது மீட்டருக்கு வாட்டத்தைச் சரியாகக் கொடுத்து, சருகைக் கூட்டினால் போதும். அந்த மரங்களில் அடித்த வெள்ளையும் கறுப்பும்தான் விளக்கில்லாச் சாலையில் இரவு ஓட்டுநருக்கு ஓரம் காட்டுகின்றன.

வேகத்தடையும் தண்ணீரைத் தடுக்கும் என்பதை யாரும் நினைப்பதில்லை. 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயர்ந்து இறங்குவதே முறையான வட்டத் தடை. ஒரு முழ அகலத்தில் செங்குத்தாகப் போட்டால் இடுப்பை முறிக்கும். பெர்ம் வரை இழுத்துக் கட்டிவிட்டால் அதன் மேற்புறம் குளமாகும், அங்கே பள்ளம் விழும். இரு ஓரத்திலும் தண்ணீர் போக வழி விடுங்கள்.

பாரத்தைப் பற்றி நீட்டவில்லை. 2018இல் நான்கு டயர் அச்சுக்கான சட்டப்படியான பாரம் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. அச்சுப் பாரத்தின் நான்காம் அடுக்கில் சேதம் கூடும் என்ற கணக்கின்படி, ஒவ்வொரு நடையும் சாலைக்குச் செய்யும் சேதம் ஏறத்தாழ 1.6 மடங்கு. கிராவல், எம்சாண்ட் லாரிகள் ஓடும் சாலைக்குப் பழைய கனத்திலேயே அடுக்கு போட்டால் தாங்காது, புதிய கணக்கில் வடிவமையுங்கள். ஆனால் காய்ந்த அடித்தளம் தாங்கும் பாரத்தை நனைந்த அடித்தளம் தாங்காது, ஆகையால் அங்கேயும் முதல் வேலை தண்ணீர்தான்.

இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறோம். ஒவ்வொரு சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரிலும் 12/3 என்பது போல எண் எழுதும் வழக்கம் உண்டு, பன்னிரண்டாம் கிலோமீட்டரில் மூன்றாம் பாலம் என்று. பல இடங்களில் அது அழிந்துவிட்டது. மறுபடி எழுதுங்கள். அந்தப் பட்டியலை, எந்தப் பாலத்துத் தண்ணீர் எந்தக் கண்மாய்க்கு அல்லது ஊருணிக்குப் போகிறது என்ற குறிப்போடு, வழியிலுள்ள ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டுங்கள். புரட்டாசி பாதிக்குள் எல்லாப் பாலங்களையும் தூர் வாரி, எடுத்த மண்ணை வாயிலேயே குவிக்காமல் தள்ளிக் கொட்டுங்கள். புதுச் சாலை வேலைக்கு வைக்கும் தகவல் பலகையில் நீளம், தொகை, ஒப்பந்தக்காரரே பழுதைச் சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஆகியவற்றோடு, இந்த வேலையில் எத்தனை பாலம் மாற்றப்படுகிறது, எத்தனை கிலோமீட்டர் பெர்ம் போடப்படுகிறது என்பதையும் எழுதுங்கள்.

ஐப்பசியில் முதல் பெருமழை அன்று நீங்கள் நடக்க வந்தால், ஒவ்வொரு பாலத்திலும் அந்தந்த ஊர் ஆள் ஒருவர் நின்று காட்டுவார். குடையைவிட மழைக்கோட்டு நல்லது, இரண்டு கையும் வேண்டியிருக்கும். கொத்தனார் நூல், அளவு நாடா, தண்ணீரில் அழியாத மஞ்சள் வண்ணம், ஒரு மூங்கில் கழி ஆகியவை எங்களிடம் இருக்கின்றன. காலை ஆறு மணிக்குப் பச்சைத் தலை போட்ட முதல் கிலோமீட்டர் கல்லருகே நிற்போம்.

இப்படிக்கு,
சாலையோர ஊர்களின் கண்மாய்ப் பாசனத்தார், கொத்தனார்கள், பஸ் லாரி ஓட்டுநர்கள், ஓய்வுபெற்ற சாலைப் பணியாளர்கள்